புல்வெட்டி இன்ஜினை ஆர்சி விமானத்தில் பொருத்தலாமா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மாமாவின் தென்னந்தோப்பில் சும்மா கிடந்த பிரஷ் கட்டரின் இன்ஜின் கைக்கு வந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக், 52 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. என்னிடம் ஆறடி இறக்கையுள்ள, பல்சா மரத்தில் செய்த ஆர்சி (ரேடியோவில் இயக்கும்) டிரெய்னர், அதாவது பழகு விமானம் ஒன்று இருக்கிறது. அதிலிருந்த 15 சிசி குளோ இன்ஜின் (மெத்தனாலில் ஓடுவது) போய்விட்டது. அந்த இடத்தில் புல்வெட்டி இன்ஜினை மாட்டினால் பறக்குமா? என்னென்ன மாற்ற வேண்டும்?"

தம்பி, இன்ஜின் தாராளமாகப் பறக்கும். அந்த விமானத்தில் மட்டும் வேண்டாம்.

காரணம் எடை. புல்வெட்டியிலிருந்து அப்படியே கழற்றிய இன்ஜினைத் தராசில் வைத்துப் பாருங்கள். கிளட்ச், கவர், ஸ்டார்ட்டர் எல்லாம் கழித்த பிறகும், மேக்னட் வீலோடு (பொறிக்கு மின்சாரம் உண்டாக்கக் காந்தம் பதித்த சக்கரம்) இரண்டு கிலோவுக்கு மேல் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம். உங்கள் பழைய குளோ இன்ஜின் ஒரு கிலோவுக்குள் இருந்திருக்கும். ஆக மூக்கில் கூடுதலாக ஒன்றேகால், ஒன்றரை கிலோ ஏறுகிறது. விமானத்தின் எடைமையத்திலிருந்து மூக்கு 35 செமீ, வால் 90 செமீ என்று வைத்துக்கொண்டால், இந்தக் கூடுதல் எடையைச் சமன் செய்யவே வாலில் அரை கிலோ ஈயம் கட்ட வேண்டியிருக்கும். அதற்குமேல் பெரிய டேங்க், தடித்த முன்பலகை. நாலு கிலோ விமானம் ஆறு கிலோ ஆகிவிடும்.

ஆறடி நீளம், ஓரடி அகலம் இறக்கை என்றால் பரப்பு 0.56 சதுர மீட்டர். ஆறு கிலோவை அதில் ஏற்றினால் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 11 கிலோ. இறங்கும்போது மணிக்கு 45 கிமீக்குக் கீழே வேகத்தைக் குறைத்தால் இறக்கை கைவிட்டுவிடும். டிரெய்னரின் சக்கரமும் இறக்கை ஒட்டும் இடமும் அந்த அடியைத் தாங்கும்படி கட்டப்பட்டவை அல்ல. பறக்கும், ஆனால் இறங்கும்போது உடையும்.

இந்த வேலையில் இறங்குகிற பலரும் கையிலிருக்கும் விமானத்துக்கு இன்ஜின் தேடுகிறார்கள். மாற்றிய இன்ஜினுக்கு அது சரிவராது. இன்ஜின் முதலில், அதற்கு ஏற்ற விமானம் பிறகு என்று போக வேண்டும். உங்களிடம் இருப்பதற்குப் பொருத்தம், மெதுவாகப் பறக்கிற, அகன்ற இறக்கையுள்ள பெரிய விமானம். என் முதல் யோசனை பைப்பர் கப் ஜே-3 என்கிற பழைய சிறு விமானத்தின் மாடல், கால் அளவில், அதாவது அசலில் நாலில் ஒரு பங்கு. அசல் விமானத்தின் இறக்கை 35 அடி 3 அங்குலம். கால் அளவில் ஏறக்குறைய 106 அங்குலம். பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். மொத்தம் எட்டு கிலோ வந்தாலும் சதுர மீட்டருக்கு 8 கிலோவைத் தாண்டாது, 36 கிமீ வேகத்தில் கூட மிதக்கும். மூக்கும் குட்டை. குட்டை மூக்கு விமானங்களுக்கு முன்னால் எப்படியும் எடை வேண்டும். அங்கே ஈயம் வைப்பதற்குப் பதில் உங்கள் மேக்னட் வீல் உட்காரட்டும்.

சரி, இனி இன்ஜின். ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். 52 சிசி என்று ஒட்டி 43 சிசி இன்ஜினை விற்பது சந்தையில் சாதாரணம். சைலன்சரைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, சிலிண்டரைத் தூக்கி வெர்னியரால் உள்விட்டம் அளந்து பாருங்கள். 40 மிமீ என்றால் 43 சிசி, 44 மிமீ என்றால் 52 சிசி. இந்த வகையில் இரண்டுக்கும் ஸ்ட்ரோக் பெரும்பாலும் ஒரே 34 மிமீ தான். கணக்கு போட்டால் 42.7, 51.7 என்று வரும். சிலிண்டரைத் தூக்கியபோதே பிஸ்டனில் நீளவாக்கில் கோடு விழுந்திருக்கிறதா, ரிங் அதன் பள்ளத்தில் தாராளமாக அசைகிறதா, கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்தால் தட்டுகிறதா என்றும் பாருங்கள். தோப்பில் தூசிக்குள் ஓடிய இன்ஜினுக்கு ஏர் ஃபில்டர் இருந்ததா இல்லையா என்பது அந்தப் பிஸ்டனிலேயே எழுதியிருக்கும். ராடு தட்டினால் அந்த கிராங்கை விட்டுவிடுங்கள். பொள்ளாச்சி, கோயம்புத்தூர் ஸ்பேர் கடைகளில் இந்த வகைக்கு கிராங்க், சிலிண்டர் செட் எல்லாம் கிடைக்கிறது.

அடுத்தது கிராங்க் எத்தனை பக்கம் தாங்கப்பட்டிருக்கிறது என்பது. சின்னச் சின்ன புல்வெட்டி இன்ஜின்களில் சிலவற்றில் கிராங்குக்கு ஒரு பக்கம் மட்டுமே பேரிங். மறுபக்கம் ராடு பின்னோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் ரையோபி 31 சிசி, ஹோம்லைட் 25 சிசி என்று ஒரு காலத்தில் நிறைய பேர் மாற்றிப் பறக்கவிட்டது இந்த அரை கிராங்க் வகைகளைத்தான். ஓடாமல் இல்லை. ஆனால் பெரிய புரொப்பெல்லர் மாட்டினால், விமானம் சட்டென்று திரும்பும்போது வரும் கைரோ விசை முழுவதையும் ஒரே பேரிங் வாங்கிக்கொள்ள வேண்டும். உங்களுடையது 43, 52 வகை என்றால் இருபக்கமும் பேரிங் இருக்கும். நல்லது.

ஃபோர் ஸ்ட்ரோக் பற்றியும் ஒரு வரி. பாலக்காட்டுப் பக்கம் தோப்புகளில் ஹோண்டாவின் ஜிஎக்ஸ்35 இன்ஜின் போட்ட மிஷின்கள் நிறைய ஓடுகின்றன. 35.8 சிசி, சத்தம் இனிமை, பெட்ரோலில் ஆயில் கலக்கத் தேவையில்லை, எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஓடும். ஆனால் எடை மூன்று கிலோவுக்கு மேல், சக்தி 1 கிலோவாட். இவ்வளவு எடையைத் தூக்கிப் பறக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் அதைச் சொல்ல மாட்டேன்.

சுற்றும் திசையை இப்போதே பார்த்துவிடுங்கள், பிறகு வருத்தப்பட வேண்டாம். வழக்கமான புரொப்பெல்லர், விமானத்துக்கு எதிரே நின்று பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுத்து, கிளட்ச் பக்கமிருந்து பாருங்கள். அங்கே எதிர்த்திசையில் சுற்றினால் புரொப்பெல்லர் அந்தப் பக்கம்தான், சுலபம். மரம் அறுக்கும் செயின் சா கிடைத்தால் கதை மாறும். அதில் சங்கிலி மேல்பக்கம் முன்னோக்கி ஓட வேண்டும் என்பதால் கிளட்ச் பக்கம் கடிகாரத் திசையில் சுற்றும். எனவே புரொப்பெல்லர் மறுபக்கம், மேக்னட் வீல் பக்கம் போகும். திசை சரியில்லை என்றாலும் பிஸ்டன்-போர்ட், ரீட் வால்வு வகை டூ ஸ்ட்ரோக் இரண்டு பக்கமும் ஓடக்கூடியதுதான். இக்னிஷன் டைமிங்கைத் திருப்பி வைத்தால் போதும். அது முடியாதென்றால் எதிர்த்திசை புரொப்பெல்லர், அதாவது புஷர் என்று விற்பது, வாங்கிக்கொள்ளலாம்.

இனி கழற்ற வேண்டியவை: பெட்ரோல் டேங்க், பிளாஸ்டிக் மூடிகள், கிளட்ச், கிளட்ச் கூடு, ஸ்டார்ட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி. கிராங்க்கேஸில் டேங்கையும் கூட்டையும் தாங்க வார்த்த அலுமினியக் காதுகள் இருக்கும். ஆக்ஸா பிளேடால் அறுத்து அரம் போட்டுவிடலாம். அறுக்கும்போது எல்லா வாய்களையும் துணி வைத்து அடையுங்கள். ஒரு அலுமினியத் துகள் பேரிங்குக்குள் போனால் மொத்த வேலையும் வீண்.

மேக்னட் வீலை வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா என்பதுதான் அடுத்த பெரிய முடிவு. வைத்துக்கொண்டால் பேட்டரி வேண்டாம், காயில் வேண்டியதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், தோப்பில் இத்தனை நாள் எப்படி ஓடியதோ அப்படியே ஓடும். பாதகம் எடை. இன்னொன்று, காயில் நல்ல பொறி கொடுக்க வீல் வேகமாகச் சுற்ற வேண்டும். கையால் புரொப்பெல்லரைத் தட்டி ஸ்டார்ட் செய்வது சிரமம், எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் தேவைப்படும். லேத்தில் கொடுத்து காற்றுத் தகடுகளைக் கடைந்து எடுத்து எடை குறைக்கலாம். ஆனால் காந்தத்துக்கு எதிர்ப்பக்கம் எடை சமன் செய்ய ஒரு மேடு வார்த்திருப்பார்கள், டர்னர் அதையும் சேர்த்துக் கடைந்துவிட்டால் இன்ஜின் அதிர்ந்தே போல்ட்டுகளைக் கழற்றும். கடைந்ததும் வீலை ஒரு கம்பியில் ஏற்றி, இரண்டு கத்தி விளிம்புகளில் வைத்து உருட்டி, எந்தப் பக்கமும் நிற்கிறதா என்று பார்த்தே திருப்பி மாட்டுங்கள்.

தூக்கிவிட்டால் எலக்ட்ரானிக் இக்னிஷன் வேண்டும். ஒரு சின்ன பெட்டி, காந்தம் கடப்பதை உணரும் ஹால் சென்சார், ஹப்பில் (கிராங்கில் புரொப்பெல்லரைப் பிடிக்கும் துண்டு) பதிக்க ஒரு சிறு காந்தம், தனி பேட்டரி. வோல்ட் எவ்வளவு என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும், 4.8 முதல் 6 வரை என்பது பழைய வழக்கம். இப்போதுள்ள சில பெட்டிகள் இன்னும் கூடுதல் தாங்கும். உங்கள் இன்ஜினில் 14 மிமீ மரையுள்ள பிளக் இருக்கும். மாடல் இன்ஜின்களுக்கென்று வரும் பல பெட்டிகளில் தொப்பி 10 மிமீ பிளக்குக்கானது, எனவே ஆர்டர் செய்யும்போது 14 மிமீ தொப்பி என்று கேட்டு வாங்குங்கள். எடை நன்றாகக் குறையும், புரொப்பெல்லரைக் கையால் தட்டினாலே ஸ்டார்ட் ஆகும். நான் என்றால் இதைத்தான் செய்வேன். கால் அளவு பைப்பர் கப் மாதிரி மூக்கில் எடை கேட்கிற விமானத்துக்கு மட்டும் மேக்னட் வீலை விட்டுவைப்பேன்.

டைமிங், அதாவது பிளக் பொறிக்கும் இடம், பிஸ்டனின் மேல் நிலைக்கு 28 பாகை முன்னால். ஒரு அட்டையில் பாகை வட்டம் அச்சிட்டு கிராங்கில் ஒட்டுங்கள், பிளக் துளையில் குச்சி விட்டு பிஸ்டனின் மேல் நிலையைக் கண்டுபிடியுங்கள், பிறகு இக்னிஷனைப் போட்டு கையால் மெதுவாகச் சுற்றி பிளக் பொறிக்கும் இடத்தைக் குறியுங்கள். சென்சாரை அதன் வளையத்தில் நகர்த்தி சரிசெய்யலாம். இந்தச் சோதனை முழுவதும் பிளக்கின் உடல் இன்ஜின் உலோகத்தைத் தொட்டபடியே இருக்க வேண்டும். பொறிக்கு வழியில்லாமல் பெட்டியை இயக்கினால் பெட்டி செத்துவிடும்.

இனி புரொப்பெல்லர் ஹப். மற்ற எல்லாவற்றையும் வீட்டில் செய்யலாம், இது மட்டும் நல்ல டர்னர் கையில் போக வேண்டும்.

நிறைய பேர் செய்வது இது: மேக்னட் வீலின் முகத்தில் கிளட்ச் ஷூ மாட்டியிருந்த இரண்டு மரைத் துளைகள் இருக்கும். அதில் ஒரு தட்டை முடுக்கி, அதன்மேல் புரொப்பெல்லரை வைத்துவிடுவார்கள். இன்ஜின் ஓடும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் வீல் வார்ப்பு அலுமினியம், மரை சில மில்லிமீட்டர் ஆழம்தான், அது சின்ன கிளட்ச் ஷூவைப் பிடித்து வைக்கத்தான் போடப்பட்டது. 20 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 6,500 சுற்றில் சுழலும்போது அதன் முனை விநாடிக்கு 170 மீட்டருக்கு மேல், மணிக்கு 620 கிமீ வேகத்தில் போகிறது. அந்த மரை பிடுங்கிக்கொண்டால் முன்னால் நிற்பவர் கதி என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை.

சரியான முறை, கிராங்கின் டேப்பரில் ஹப் நேரடியாக உட்காருவது. கிராங்க் முனை கூம்பாகக் கடைந்திருக்கும். அந்தக் கூம்பின் கோணம் ஹப்பின் உள்கூம்போடு துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். கோணத்தை வரைபடத்தில் தேடாதீர்கள். தேய்ந்து தூக்கிப்போட்ட பழைய கிராங்க் ஒன்றைக் கொண்டுபோய் டர்னரிடம் கொடுங்கள். அவர் அதை லேத்தில் இரு மையங்களுக்கிடையே பிடித்து, கூம்பின்மேல் டயல் கேஜை வைத்து, முள் அசையாமல் ஓடும்வரை காம்பவுண்ட் ஸ்லைடைத் திருப்பி நிறுத்துவார். அதன்பிறகு ஸ்லைடைத் தொடாமல் அதே கோணத்தில் ஹப்பின் உட்பக்கத்தைக் கடைந்துவிட வேண்டும். கடைந்ததும் கிராங்கில் மார்க்கிங் ப்ளூ மெல்லியதாகப் பூசி, ஹப்பைச் சொருகி ஒரு திருகு திருகி எடுங்கள். நீலம் கூம்பு முழுவதும் படிந்திருந்தால் பொருத்தம் சரி. வாய்ப்பக்கம் மட்டுமோ அடிப்பக்கம் மட்டுமோ படிந்திருந்தால் திரும்பக் கடைய வேண்டும். கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு பட்டறைகளில் கை பழகிய டர்னர்களுக்கு இது புதிதில்லை. நீலம் பார்க்கலாமா என்று நீங்கள் கேட்டாலே உங்களை மதித்துச் செய்து கொடுப்பார்கள்.

பிடிப்பைக் கொடுப்பது கூம்புதான். கீ என்கிற சின்ன இரும்புத் துண்டு இடத்தைக் காட்டுவதற்கு மட்டும். ஹப்புக்கு 6061 ரக அலுமினியம் போதும். கிராங்க் மரையில் லாக்டைட் (நட் கழலாமல் பிடிக்கும் பசை) போட்டு நட்டை முறுக்குங்கள். ஹப்பின் முகத்தில் நாலு அல்லது ஆறு போல்ட், அவற்றுக்கேற்ற துளைகள் புரொப்பெல்லரில், முன்னால் ஒரு தடித்த அலுமினிய வாஷர். துளையை டிரில் ஜிக் வைத்துப் போடுங்கள், கண் மதிப்பில் வேண்டாம். மாட்டிய பிறகு டயல் கேஜில் ஹப் முகத்தின் ஆட்டம் பத்தில் ஒரு மிமீக்குள் இருக்க வேண்டும்.

மேக்னட் வீலை விட்டுவைத்தால் கூம்பில் வீல் உட்காரும், ஹப் அதற்கு முன்னால் வரும். அப்போது ஹப்பை மையப்படுத்துவது வீலின் நடுத்துளை, இறுக்குவது கிராங்கின் மரை. கிளட்ச் துளைகளில் போகும் போல்ட்டுகள் ஹப் வழுக்காமல் இருப்பதற்குத் துணை மட்டுமே.

கார்புரேட்டருக்கு வருவோம். உங்கள் மிஷினில் அடியில் கிண்ணம் தொங்குகிற ஃப்ளோட் வகை இருந்தால் அதை மறந்துவிடுங்கள். விமானம் புரளும்போது கிண்ணத்துப் பெட்ரோல் இடம் மாறிவிடும், இன்ஜின் நின்றுவிடும். டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகைதான் வேண்டும், வால்ப்ரோ கம்பெனியுடையது மாதிரி. கிராங்க்கேஸின் காற்றுத் துடிப்பிலேயே அதன் பம்ப் இயங்கி பெட்ரோலை இழுத்துக்கொள்ளும், டேங்க் எங்கிருந்தாலும் கவலையில்லை. அந்தத் துடிப்பு வரும் சின்னத் துளை கார்புரேட்டர், இன்சுலேட்டர் கட்டை, கேஸ்கெட், சிலிண்டர் எல்லாவற்றிலும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கேஸ்கெட்டைத் தலைகீழாக வைத்து அந்தத் துளையை அடைத்துவிட்டு, பெட்ரோல் வரவில்லை என்று நாள் முழுக்க கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதைவிட நுட்பமான தொல்லை ஒன்று உண்டு. பெட்ரோலை அளந்துவிடும் டயாஃப்ரத்தை மூடியிருக்கும் தகட்டின் நடுவில் ஒரு ஊசித்துளை இருக்கும். வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் டயாஃப்ரம் எவ்வளவு பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்கிறது. தோப்பில் நிற்கிற மிஷினுக்கு இது பிரச்சினையே இல்லை. விமானத்தில் புரொப்பெல்லர் காற்று அந்தத் துளையில் நேராக அடிக்கும், கவுலிங்குக்குள் (இன்ஜினை மூடும் மூக்குக் கூடு) என்றால் அழுத்தம் வேகத்துக்கு வேகம் மாறும். தரையில் தேன்போல ஓடிய இன்ஜின் மேலே போனதும் இருமுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆனால் எல்லோரும் கார்புரேட்டரின் கலவை ஊசியைத் திருகிக்கொண்டிருப்பார்கள். தீர்வு எளிது: அந்தத் துளைமேல் ஒரு சின்ன பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதிலிருந்து ரப்பர் டியூபை இன்ஜின் உட்காரும் முன்பலகை வழியாக விமானத்தின் உடலுக்குள் விட்டுவிடுங்கள். தகட்டைக் கழற்றி வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும், டயாஃப்ரம் மேலே இருக்கும்போது சூடு காட்டக் கூடாது.

எல் (மெதுவோட்டம்), எச் (வேக ஓட்டம்) இரண்டு ஊசிகளையும் மெதுவாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஆரம்பியுங்கள். உங்கள் கார்புரேட்டர் உருளை சுழலும் வகை என்றால் எல் ஊசி தனியாக இல்லாமல் இருக்கலாம், மெதுவோட்டக் கலவை உருளைக்குள்ளேயே இருக்கும். அது ஓடும், ஆனால் நுட்பமாகச் சரிசெய்ய பட்டர்ஃப்ளை வகைதான் நல்லது.

பெட்ரோலில் இப்போது கலந்துவரும் எத்தனால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்கில் கிடைப்பது இ20. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், நாளடைவில் டயாஃப்ரத்தை விறைக்கவைக்கும். பறந்து முடித்ததும் டேங்கைக் காலி செய்து, இன்ஜினை அது தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். மாதக்கணக்கில் கேனில் வைத்த பெட்ரோலை விமானத்தில் ஊற்ற வேண்டாம், அதைப் பைக்கில் ஊற்றிவிடலாம். ஆயில் கலவை ஆரம்பத்தில் 25 பங்குக்கு ஒரு பங்கு, இன்ஜின் பழகியதும் 32 அல்லது 40. நல்ல டூ-டி ஆயிலாக வாங்குங்கள், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உங்கள் பழைய குளோ டேங்கை அப்படியே பயன்படுத்த முடியாது. குளோவுக்கான சிலிக்கான் டியூபும் அடைப்பானும் பெட்ரோலில் ஊறி வீங்கி, கொழகொழவென்று ஆகிவிடும். டைகான் என்கிற மஞ்சள் டியூபும், பெட்ரோலுக்கென்று விற்கும் அடைப்பானும் வேண்டும். டேங்குக்குள் தொங்கும் எடையில் ஃபெல்ட் ஃபில்டர் இருக்கட்டும்.

ஃபயர்வால், அதாவது இன்ஜின் உட்காரும் முன்பலகை, குறைந்தது 6 மிமீ பிர்ச் பிளைவுட். பக்கவாட்டில் முக்கோணக் கட்டைகள் வைத்து எபாக்சியால் ஒட்டுங்கள். பிளைவுட் விளிம்பில் பெட்ரோல் ஊறினால் ஒட்டு விட்டுவிடும், எனவே முகம், விளிம்பு, துளையின் உள்பக்கம் எல்லாம் மெல்லிய எபாக்சி பூசுங்கள். இன்ஜினின் பின்பக்கம், ஸ்டார்ட்டர் இருந்த இடத்தில் நாலு மரைத் துளைகள் இருக்கும். அதில் ஒரு தடித்த அலுமினியத் தட்டை மாட்டி, தட்டை ஃபயர்வாலில் பின்பக்க நட்டுகளோடு இறுக்குவதுதான் வழக்கமான வழி. ரப்பர் வைத்த மவுண்ட் வேண்டுமா என்று கேட்பீர்கள், வேண்டாம். அதிர்வைக் குறைக்க முதல் வழி புரொப்பெல்லரை பேலன்ஸ் செய்வது. இன்ஜினை மூக்கிலிருந்து வலப்பக்கம் இரண்டு பாகை, கீழ்நோக்கி ஒன்றிரண்டு பாகை சாய்த்து வையுங்கள்.

குளிரூட்டும் விசிறியைக் கழற்றிவிட்டோம், இனி புரொப்பெல்லர் காற்றுதான் குளிரூட்டி. சிலிண்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விமானத்தில் பிரச்சினையில்லை. கவுலிங்குக்குள் அடைத்தால், உள்ளே வரும் காற்று தகடுகளின் நடுவே போகும்படி தடுப்பு வையுங்கள், வெளியேறும் வாய் உள்ளே வரும் வாயைவிட இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் நம் பக்கம் 40 பாகைக்கு மேல் காய்கிறது. அந்த நாளில் தடுப்பு இல்லாத கவுலிங்குக்குள் இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிடும்.

புரொப்பெல்லர், 43 சிசி என்றால் 20க்கு 8 (20 அங்குல நீளம், 8 அங்குல பிட்ச், அதாவது ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம்), 52 என்றால் 22க்கு 8. மர புரொப்பெல்லரே போதும், விழுந்தால் அதுவே உடைந்து கிராங்கைக் காப்பாற்றும். இந்த இன்ஜின்களின் நேம் பிளேட்டில் சக்தியை 6,500 சுற்றுக்குத்தான் பெரும்பாலும் சொல்லியிருக்கும், எனவே தரையில் முழு த்ராட்டிலில் 6,500 முதல் 7,000 வந்தால் அளவு சரி. 8 அங்குல பிட்ச் 6,500 சுற்றில் தத்துவக் கணக்குக்கு மணிக்கு 79 கிமீ இழுக்கும், பைப்பர் கப்புக்கு அது தாராளம்.

முதல் ஓட்டம் விமானத்தில் வேண்டாம். கனமான மேஜையிலோ, தரையில் அடித்த முளையிலோ கட்டி ஓட்டுங்கள். முதல் இரண்டு மூன்று டேங்க் பாதி த்ராட்டிலில் ஏற்றி இறக்கி ஓடட்டும். ஊசியைச் சரிசெய்யும்போது எப்போதும் புரொப்பெல்லருக்குப் பின்னால் நில்லுங்கள், பக்கவாட்டில் அதன் தளத்தில் யாரும் நிற்கக் கூடாது. இழுவையைப் பார்க்க மீன்கடைத் தொங்கு தராசைப் பின்னால் கட்டினாலே போதும். விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் காட்டினால் பைப்பர் கப் பறக்கும். முக்கால் காட்டினால் ஜாலியாகப் பறக்கும்.

ரேடியோ விஷயத்தில் சுருக்கமாக: இக்னிஷனும் ரிசீவரும் எதிரிகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வந்த பிறகு பழைய மாதிரி சிக்னல் குழப்பம் இல்லை என்றாலும், இக்னிஷன் பெட்டி, பேட்டரி, சுவிட்ச் எல்லாம் ஃபயர்வால் பக்கமும் ரிசீவர் அதிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளியும் இருக்கட்டும். பேட்டரி இரண்டும் தனித்தனி. த்ராட்டில் கம்பி உலோகமாக இல்லாமல் நைலானாக இருக்கட்டும், இல்லையென்றால் இக்னிஷனின் மின் இரைச்சலை நேராக சர்வோவுக்கு (ரிசீவர் சொல்கிறபடி கம்பியைத் தள்ளும் சின்ன மோட்டார்) கொண்டுபோகும். பிளக் ரெசிஸ்டர் வகை. இன்ஜினை நிறுத்த ஒரு சேனலில் ஆப்டிகல் கில் சுவிட்ச் (மின் இணைப்பில்லாமல் ஒளிவழி வேலை செய்வது) வையுங்கள். மேக்னட் வீலையே வைத்திருந்தால் காயிலின் அணைக்கும் வயரை ரிசீவருக்குள் கொண்டுவரவே கூடாது, ஒரு சர்வோ தள்ளுகிற சாதாரண சுவிட்சில் முடித்துவிடுங்கள். ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாகச் செய்வதில், த்ராட்டில் முழுவதும் மூடும்படி வைத்து, இன்ஜின் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள். புரொப்பெல்லர் நிற்கவில்லை என்றால் விமானம் அன்றைக்குப் பறக்கக் கூடாது.

பறக்கவிடும் இடமும் நேரமும் கடைசியாக. பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று நாள் முழுக்க அடிக்கும், மார்கழி, தையில் கிழக்குக் காற்று திரும்பி வரும். கஞ்சிக்கோட்டில் காற்றாலை வைத்ததே அதனால்தான். லேசான பைப்பர் கப்பை அந்தக் காற்றில் ஏற்றினால், எதிர்க்காற்றில் நின்ற இடத்திலேயே நிற்கும், திரும்பி வர மறுக்கும். முதல் பறப்புக்கு பங்குனி, சித்திரையில் விடிகாலை ஆறரை மணி நல்ல நேரம். அறுவடை முடிந்த வயல் வேண்டும், தென்னந்தோப்பு ஓரம் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி 25 கிலோவுக்குள், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மாடல் விமானத்துக்கு டைப் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் வான்வெளி வரைபடம் உங்களுக்கும் பொருந்தும். வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர்ப் பக்கம் போகப் போக பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் நெருங்கும். முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்திலும் உயரம் 400 அடிதான், விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிமீக்குள் என்றால் 200 அடி. பக்கத்து வயலில் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 52 சிசி சத்தம் கேட்டால் யாரோ தோப்பில் புல் வெட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள், தலைக்குமேல் பார்க்க மாட்டார்கள்.

சிலிண்டரைத் தூக்கியதும் உள்விட்டம் எவ்வளவு, கார்புரேட்டர் எந்த வகை, கிளட்ச் பக்கம் எந்தத் திசையில் சுற்றுகிறது, இந்த மூன்றையும் எழுதுங்கள். ஹப்புக்கான அளவுகளை அதை வைத்துச் சொல்கிறேன்.